கே.பி. செல்கள் உண்மையில் ஹீலாவா? என் இரண்டு வருட வேலை என்ன ஆகும்?

#1 மூன்றாம்_வருடம்

எல்லாருக்கும் வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. மூன்றாம் வருடம் படிக்கிறேன். வாய்ப் புற்றுநோய்தான் என் தலைப்பு. ஒரு மூலிகைச் சாறு வாய்ப் புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறதா, கொன்றால் எந்த வழியில் கொல்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூலிகையின் பெயர் இப்போதைக்கு வேண்டாம், கட்டுரை இன்னும் வெளிவரவில்லை.

இரண்டு வருடமாக நான் வளர்த்தது கே.பி. செல்கள், வாய்ப் புற்றுநோய்ச் செல் என்று நம்பித்தான். எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று நிறத்தை வைத்துக் காட்டும் எம்.டி.டி. சோதனையில் நல்ல முடிவு. புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில், சாறு கொடுத்த செல்களில் பி53 (செல் கட்டுப்பாடின்றிப் பெருகாமல் தடுக்கும் புரதம்) பட்டை தெளிவாக ஏறியது. மூன்று தடவை திரும்பச் செய்தேன், மூன்று தடவையும் அப்படியேதான்.

போன வாரம் ஆய்விதழிலிருந்து கட்டுரை திரும்பி வந்துவிட்டது. மதிப்பாய்வாளர் ஒருவர் சொன்னது இவ்வளவுதான்: கே.பி. வாய்ப் புற்றுநோய்ச் செல்லே அல்ல, அது ஹீலா, 1960களிலேயே தெரிந்த விஷயம் இது.

ஹீலா என்பது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயிலிருந்து எடுத்தது. என் தலைப்போ வாய்ப் புற்றுநோய். வேறு இதழுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்கிறார் வழிகாட்டி. எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்தச் செல்களைப் பக்கத்துத் துறையில் ஒரு தோழியிடமிருந்துதான் வாங்கினேன், ஐஸ் டப்பாவில் ஒரே ஒரு வயல் (சிறு குப்பி). மூடியில் மார்க்கரால் "கே.பி." என்று மட்டும் எழுதியிருந்தது. பாசேஜ் எண்கூட, அதாவது எத்தனை முறை பிரித்து வளர்த்தது என்ற கணக்குகூட இல்லை.

மதிப்பாய்வாளர் சொல்வது சரியா? சரி என்றால் என்னிடம் இருக்கும் தரவை என்ன செய்வது?


#2 பழைய_பாசேஜ்

தங்கச்சி, முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடி. மதிப்பாய்வாளர் சொன்னது சரி. ஆனால் உன் இரண்டு வருடம் வீணாகவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன், முதலில் கதையைக் கேள்.

1951இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண் வந்தார். வயது 31 கூட நிரம்பவில்லை, ஐந்து குழந்தைகளுக்குத் தாய். கர்ப்பப்பை வாயில் கட்டி. சிகிச்சையின்போது எடுத்த சிறு துண்டு ஜார்ஜ் கை என்பவரின் ஆய்வகத்துக்குப் போனது. ஹென்ரியட்டாவிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அதுவரை அந்த ஆய்வகத்தில் மனிதச் செல்கள் சில நாளில், மிஞ்சினால் சில வாரத்தில் செத்துப்போகும். இவை சாகவில்லை, நாளுக்கு நாள் இரட்டிப்பாகிக்கொண்டே இருந்தன. ஹென்ரியட்டா அந்த வருடம் அக்டோபரில் இறந்துவிட்டார். பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து "ஹீலா" என்று பெயரிடப்பட்ட செல்கள் உலகம் முழுக்கப் போயின.

கே.பி. வந்தது 1950களின் நடுவில். உருவாக்கியவர் ஹாரி ஈகிள். செல்களுக்கு உணவாக நீ தினமும் ஊற்றும் எம்.இ.எம். ஊடகம் இருக்கிறதே, அதுவும் அவருடையதுதான். வாயின் அடித்தளத்தில் வந்த புற்றுநோயிலிருந்து எடுத்ததாகப் பதிவு. அவர் பொய் சொல்லவில்லை. எங்கோ ஒரு கட்டத்தில் அந்தக் குடுவைக்குள் ஹீலா புகுந்துவிட்டது.

இதைக் கண்டுபிடித்தவர் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர். 1966இல் பென்சில்வேனியாவின் பெட்ஃபோர்டில் நடந்த மாநாட்டில் எழுந்து சொன்னார். வெவ்வேறு நோயாளிகளிடமிருந்து, வெவ்வேறு உறுப்புகளிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட 18 செல் வரிசைகளில், அதாவது ஒரே ஆளிடமிருந்து எடுத்துத் தொடர்ந்து வளர்க்கும் செல்களில், ஜி6பி.டி. என்ற நொதியைப் பார்த்திருக்கிறார். பதினெட்டிலும் ஏ வகை. அது ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மட்டுமே பரவலாக இருக்கும் வகை. அந்த வரிசைகளில் பலவோ வெள்ளையரிடமிருந்து எடுத்தவை என்று பதிவாகியிருந்தவை. எல்லாம் ஹீலாதான் என்றார். அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் வருடக்கணக்கில் அந்தச் செல்களை வைத்துத்தான் உழைத்திருந்தார்கள். உனக்குப் போன வாரம் எப்படி இருந்ததோ அப்படித்தான் அவர்களுக்கும் இருந்திருக்கும்.


#3 பயோகெம்_வாத்தியார்

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன், யாரும் கோபப்பட வேண்டாம். இருபது வருடமாக மாணவர்களை வழிநடத்துகிறேன். ஹீலாவாகவே இருக்கட்டும், அதுவும் மனிதப் புற்றுநோய்ச் செல்தானே? சாறு கொடுத்தால் சாகிறதா, எந்த அளவில் சாகிறது என்பதுதான் முதல்கட்டக் கேள்வி. அந்தப் பதில் மாறப்போவதில்லை. பெயரைத் திருத்தி எழுதினால் போதும்.

இன்னொன்று. ஒரு மாநிலப் பல்கலைக்கழகத் துறைக்கு வருடம் எவ்வளவு நிதி வருகிறது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வெளிநாட்டுச் செல் வங்கியிலிருந்து ஒரு வயல் வரவழைக்கும் செலவில் ஒரு மாணவிக்கு ஆறு மாதத்துக்குச் செல் வளர்க்கும் சீரம் வாங்கலாம். அதனால்தான் பிள்ளைகள் பக்கத்து லேபில் கேட்டு வாங்குகிறார்கள். அதை ஏதோ குற்றம் போலப் பேசினால் அது நியாயம் இல்லை.


#4 ரொறன்ரோ_லாப்

வாத்தியார் ஐயா, செலவு பற்றி நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் "பெயரைத் திருத்தினால் போதும்" என்பதுதான் என் மனதை உறுத்துகிறது. நான் இங்கே ஒரு செல் சேமிப்பகத்தில் வேலை செய்கிறேன். எங்களுக்கு இதுதான் தினசரிப் பாடு, ஆகவே கொஞ்சம் விரிவாகவே கதைக்கிறேன்.

உணவுக்குழாய்ப் புற்றுநோயில் ஒரு வகைக்கு ஆய்வகச் செல் வரிசைகளே மிகக் குறைவு. உலகமே பத்துப் பன்னிரண்டு வரிசைகளை வைத்துத்தான் ஓட்டியது. 2010இல் அவற்றைச் சரிபார்த்தார்கள். மூன்று வரிசைகள் வேறு ஆட்களுடையவை! எஸ்.இ.ஜி.-1 என்பது நுரையீரல் புற்றுநோய்ச் செல். பி.ஐ.சி.-1 பெருங்குடல். எஸ்.கே.-ஜி.டி.-5 இரைப்பை. அதற்குள் அவற்றை வைத்து நூற்றுக்கு மேல் கட்டுரைகள் வந்துவிட்டன, காப்புரிமைகள் வாங்கிவிட்டார்கள், அந்த முடிவுகளின் அடிப்படையில் உணவுக்குழாய்ப் புற்றுநோயாளிகளைச் சேர்த்துக்கொண்டு மருத்துவப் பரிசோதனைகளும் நடந்துகொண்டிருந்தன. தன் நோய்க்கென்று நம்பி ஒருவர் கையெழுத்துப் போட்டிருப்பார். அந்த மருந்தைத் தேர்ந்தெடுக்கக் காரணமான செல்லோ வேறு ஒருவரின் நுரையீரலிலிருந்து வந்தது.

அடுத்தது எம்.டி.ஏ.-எம்.பி.-435. மார்பகப் புற்றுநோய் உடலில் எப்படிப் பரவுகிறது என்று பார்க்க எல்லோரும் எடுத்த வரிசை. 1970களில் ஹூஸ்டனில் ஒரு பெண் நோயாளியின் நுரையீரல் உறை நீரிலிருந்து எடுத்ததாகப் பதிவு. 2000ஆம் ஆண்டு அதில் எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று பார்த்தபோது அது மார்பகச் செல்களோடு சேரவில்லை, தோலில் வரும் மெலனோமாவோடு போய் ஒட்டிக்கொண்டது. பிறகு பார்த்தால் அது எம்14 என்ற மெலனோமா வரிசையேதான். எம்14 ஓர் ஆணிடமிருந்து எடுத்தது! இன்றைக்கும் அதை மார்பகப் புற்றுநோய் என்று எழுதும் கட்டுரைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

2017இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் எண்ணிப் பார்த்தார்கள். ஆள் மாறிய செல்களில் செய்த ஆய்வுக் கட்டுரைகள் 32,755. அவற்றை மேற்கோள் காட்டியவை இந்தக் கணக்கில் இல்லை.


#5 மூன்றாம்_வருடம்

படிக்கப் படிக்கப் பயமாக இருக்கிறது. ஒரு சந்தேகம். ஹீலா எப்படி இத்தனை குடுவைக்குள் நுழைந்தது? நாங்கள் எல்லாருமே லாமினாருக்குள்தானே, வடிகட்டிய காற்று ஓடும் பெட்டிக்குள்தானே வேலை செய்கிறோம்.


#6 பழைய_பாசேஜ்

அந்தக் காலத்தில் இன்றைய மாதிரி லாமினார் எங்கே இருந்தது? அதை விடு, இன்றும் நடக்கும். உன் கை எப்படிப் போகிறது என்று நினைத்துப் பார். ஊடகப் பாட்டிலில் பிப்பெட்டை விடுகிறாய், ஹீலா குடுவையில் ஊற்றுகிறாய், நுனி குடுவையின் கழுத்தில் லேசாக உரசுகிறது. அவசரத்தில் அதே பிப்பெட்டை மறுபடி பாட்டிலில் விடுகிறாய். அந்தப் பாட்டிலில் இப்போது ஒரு செல் இருக்கிறது. அடுத்து அதே பாட்டிலிலிருந்து வேறொரு குடுவைக்கு ஊற்றுகிறாய்.

ஒரே ஒரு செல் என்ன செய்துவிடும் என்று தோன்றும். கணக்குப் போடு. உன் குடுவையில் மெதுவாக வளரும் செல்கள் 10 லட்சம், மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறவை. உள்ளே விழுந்தது ஒரு ஹீலா, நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாவது. முப்பது நாளில் மெதுவானவை பத்து முறை இரட்டித்து ஏறக்குறைய 102 கோடிக்குச் சமம். அந்த ஒற்றை ஹீலா முப்பது முறை இரட்டித்து 107 கோடி. பாதிக்குப் பாதி! இன்னும் பத்து நாள் போனால் நூற்றுக்கு ஒன்றுதான் உன் செல். நடுவில் நீ பிரித்துப் பிரித்து வேறு குடுவைக்கு மாற்றினாலும் இந்த விகிதம் மாறாது. நுண்ணோக்கியில் பார்ப்பாய், செல்கள் நன்றாக ஒட்டி வளர்கின்றன, இந்த முறை வேகமாக நிரம்பிவிட்டதே என்று சந்தோஷம்கூடப் படுவாய்.

நானும் அப்படிச் சந்தோஷப்பட்டவள்தான். என் ஆராய்ச்சிக் காலத்தில், எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம், கல்லீரல் செல் என்று நம்பி ஒன்றை வளர்த்தேன். திடீரென்று நான்காம் நாள் நிரம்பவேண்டிய குடுவை இரண்டாம் நாளே நிரம்பியது. புது சீரம் நல்ல சீரம் என்று நினைத்துக்கொண்டேன். எட்டு மாதம் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. அன்றைக்கு ஆட்டோகிளேவ் பையில் அந்தக் குடுவைகளைப் போட்டபோது கை நடுங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.


#7 குடந்தை_வாசகர்

நான் விஞ்ஞானி இல்லை. வங்கியில் வேலை. என் அம்மாவுக்கு வெற்றிலை புகையிலைப் பழக்கத்தால் கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, சிஸ்பிளாட்டின் எல்லாம் ஆயிற்று. இப்போது நான்கு வருடம் ஆகிறது, நன்றாக இருக்கிறார். இந்த இழையைப் படித்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை. அப்படியென்றால் அம்மாவுக்குக் கொடுத்த மருந்தும் இப்படி ஆள் மாறிய செல்லில் சோதித்ததுதானா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.


#8 திசு_மருத்துவர்

ஐயா, அம்மா நலமாக இருப்பது கேட்டு மிகவும் சந்தோஷம். நீங்கள் கவலைப்பட வேண்டாம். நான் அரசு மருத்துவமனையில் நோயியல் பிரிவில் இருக்கிறேன், பொறுமையாகச் சொல்கிறேன்.

குடுவையில் நடக்கும் சோதனை முதல் படிதான். அதற்கு அடுத்து விலங்குகள், அப்புறம் மனிதர்களில் பல கட்டச் சோதனை. ஒரு மருந்து அம்மாவுக்கு வந்து சேர்வதற்கு முன் நோயாளிகளுக்கே கொடுத்து, கட்டி சுருங்கியதா, ஆயுள் நீண்டதா என்று பார்த்திருப்பார்கள். அதில் தேறவில்லை என்றால் குடுவையில் எவ்வளவு அழகான முடிவு வந்தாலும் பயனில்லை. சிஸ்பிளாட்டின் 1978இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அதிலிருந்து உலகம் முழுக்க நோயாளிகளுக்குக் கொடுத்து வருகிறோம். அதன் கதை புற்றுநோய்ச் செல்லில் தொடங்கவே இல்லை. 1960களில் மிச்சிகனில் பார்னெட் ரோசன்பெர்க் என்பவர் மின்புலம் பாக்டீரியாக்களை என்ன செய்கிறது என்று பார்த்தார். ஈ.கோலி பிரியாமல் நூல் மாதிரி நீண்டு வளர்ந்தது. காரணம் மின்சாரம் இல்லை, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம். அங்கிருந்து வந்தது அந்த மருந்து. கதிர்வீச்சோடு அதைச் சேர்த்துக் கொடுப்பது பலன் தரும் என்பதும் நோயாளிகளிடம் பார்த்து உறுதிசெய்ததுதான்.

ஆள் மாறிய செல்லால் பெரிய நஷ்டம் வேறு இடத்தில். வந்திருக்க வேண்டிய மருந்து வராமல் போகிறது. தப்பான வழியில் பத்து வருடம் போய்த் திரும்பி வருகிறோம். என் மேசைக்குத் தினமும் வரும் பயாப்சிகளில் வாய்ப் புற்றுநோய்க்குப் பஞ்சமே இல்லை. அதனால்தான் எனக்கு இதில் வாத்தியாரோடு ஒத்துப்போக முடியவில்லை.

மூன்றாம் வருடத் தங்கைக்கும் ஒரு விஷயம். ஹீலாவுக்குள் எச்.பி.வி. 18 என்ற, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை வரவழைக்கும் வைரஸின் மரபணுக்கள் இருக்கின்றன. ஹரால்ட் சுர் ஹௌசன் குழு 1984இல் காட்டியது, பின்னாளில் 2008இல் அவருக்கு நோபல் கிடைத்தது. அந்த வைரஸின் இ6 புரதம் செல்லுக்குள் இருக்கும் பி53ஐப் பிடித்து அழித்துக்கொண்டே இருக்கும். ஆகவே ஹீலாவில் பி53 மரபணு பழுதில்லாமல் இருந்தும் புரதம் நிற்பதில்லை. நம் ஊரில் புகையிலையால் வரும் வாய்ப் புற்றுநோயில் நிலைமை நேர் எதிர். பெரும்பாலும் வைரஸ் இருக்காது, பி53 மரபணுவே பழுதாகியிருப்பது சகஜம். உன் வெஸ்டர்ன் பிளாட்டில் பி53 பட்டை ஏறியதே, அது எதனால் என்று இப்போது யோசித்துப் பார்.


#9 பழைய_பாசேஜ்

டாக்டர் நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டார். தங்கச்சி, உன் சாறு செல்லைச் சிதைத்து அந்தத் தாக்குதலில் பி53ஐ ஏற்றியிருக்கலாம். அல்லது இ6ஐக் குறைத்து, அதனால் பி53 தப்பித்திருக்கலாம். இரண்டாவது உண்மையானால் நீ கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு உதவும் ஒன்றைத் தெரியாமலே தொட்டிருக்கிறாய். நீ உறைய வைத்திருக்கும் ஆர்.என்.ஏ.யில் இ6 அளவைப் பார். அதே சாற்றை சிஹா என்ற கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் செல்லில் கொடு, அதில் அந்த வைரஸின் இன்னொரு வகை எச்.பி.வி. 16 இருக்கிறது. அதே நோயின் சி33ஏ-யில் கொடு, அதில் வைரஸ் இல்லை, பி53 பழுது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வழி தெரிந்துவிடும்.

தலைப்பு வாய்ப் புற்றுநோய்தான் வேண்டும் என்றால் கால்-27, எஸ்.சி.சி.-25 இருக்கின்றன, இரண்டும் நாக்கிலிருந்து எடுத்தவை. மும்பை டாடா நினைவு மையத்தில் இந்திய நோயாளிகளிடமிருந்து உருவாக்கிய ஏ.டபிள்யூ.13516 வரிசையும் இருக்கிறது. புனேயில் தேசியச் செல் சேமிப்பகம் இருக்கிறது, என்ன கிடைக்கும் என்று கேட்டுப் பார்.

ஆனால் எதையும் தொடுவதற்கு முன், இப்போது ஃபிளாஸ்கில் இருப்பதை எஸ்.டி.ஆர். சோதனைக்கு அனுப்பு. காவல்துறை கொலை வழக்கில் பார்க்கும் அதே டி.என்.ஏ. கைரேகைதான். டி.என்.ஏ.யில் சில இடங்களில் சின்னச் சின்னத் துண்டுகள் திரும்பத் திரும்ப வரும், எத்தனை தடவை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். அப்படிப் பல இடங்களைப் பார்ப்பார்கள், கூடவே ஆணா பெண்ணா என்று காட்டும் ஓர் இடம். பதிவேட்டோடு 80 சதவீதமோ அதற்கு மேலோ ஒத்துப்போனால் ஒரே ஆளின் செல் என்று எடுத்துக்கொள்வார்கள். சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும், இரண்டு வருட உழைப்போடு ஒப்பிட்டால் அது பணமே இல்லை.


#10 பயோகெம்_வாத்தியார்

டாக்டர் சொன்ன பி53 விஷயம் என்னை யோசிக்க வைத்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், என் மாணவர்கள் இருவர் கே.பி.யில் பி53 ஏறியதாக ஆய்வேட்டில் எழுதியிருக்கிறார்கள். வாய்ப் புற்றுநோயில் இந்தச் சாறு பி53ஐத் தூண்டுகிறது என்பது முடிவுரை. அதை நானே திருத்திக் கையெழுத்துப் போட்டேன். வைரஸ் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஆகவே பெயரைத் திருத்தினால் போதும் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். எத்தனை செல் செத்தது என்ற எண்ணிக்கை நிற்கும். ஏன் செத்தது என்பது நிற்காது.


#11 ரொறன்ரோ_லாப்

ஐயா, இதைப் பொதுவில் எழுதியதற்கு நன்றி. பெரிய மனசு வேண்டும்.

ஆள் சரியாக இருந்தாலும் வேலை முடிவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எம்.சி.எஃப்.-7 எல்லாருக்கும் தெரியும். 1970இல் டெட்ராய்ட்டில் ஒரு கன்னியாஸ்திரீயிடமிருந்து எடுத்த மார்பகப் புற்றுநோய்ச் செல், ஆள் மாறாதது. 2018இல் வெவ்வேறு இடங்களில் வளர்ந்த அதன் 27 கிளைகளை எடுத்து 321 மருந்துப் பொருட்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில கிளைகளை நன்றாக அடக்கிய மருந்துகளில் முக்கால்வாசி, வேறு சில கிளைகளில் வேலையே செய்யவில்லை. வருடக்கணக்கில் பிரித்துப் பிரித்து வளர்க்க, ஒரே செல் ஊருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதனால்தான் பாசேஜ் எண் எழுது எழுது என்று தலையால் அடித்துக்கொள்கிறோம். வந்த உடனே பத்துப் பதினைந்து வயல் உறைய வைத்துவிட வேண்டும். ஓர் ஆய்வை ஒரு வயலில் தொடங்கி, இத்தனை பாசேஜுக்கு மேல் போகமாட்டேன் என்று நிறுத்த வேண்டும்.

மைக்கோபிளாஸ்மாவையும் மறக்க வேண்டாம். குடுவைக்குள் புகுந்துவிடும் செல்சுவர் இல்லாத பாக்டீரியா அது, பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. ஊடகம் கலங்காது, நிறம் மாறாது, சாதாரண நுண்ணோக்கியில் தெரியவும் தெரியாது. டி.என்.ஏ.யை ஒளிரவைக்கும் டாப்பி சாயம் போட்டால் கருவுக்கு வெளியே பொடி தூவினாற்போல் புள்ளிகள் மின்னும். எம்.டி.டி.யில் ஊதா நிறம் எவ்வளவு வருகிறது என்பதையே அது மாற்றிவிடும்.


#12 குடந்தை_வாசகர்

டாக்டர் அம்மா, ரொம்ப நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பிளாட்டினம் என்றதும், "அப்போ எனக்கு நகைதான் ஏத்தியிருக்காங்க" என்றார். அந்த லாக்ஸ் அம்மாவின் குடும்பத்துக்கு ஏதாவது செய்தார்களா என்று கேட்கச் சொன்னார்.


#13 திசு_மருத்துவர்

அம்மாவுக்கு என் வணக்கம். பல வருடங்கள் அந்தக் குடும்பத்துக்குச் செல்கள் உயிரோடு இருப்பதே தெரியாது. 1970களில்தான் தெரியவந்தது. 2013இல் ஹீலாவின் முழு மரபணுத் தொகுதியை அவர்களைக் கேட்காமலே வெளியிட்டு, எதிர்ப்பு வந்ததும் நீக்கினார்கள். அதன் பிறகு அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் குடும்பத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தன. யாருக்கு அந்தத் தரவைக் கொடுப்பது என்று முடிவெடுக்கும் குழுவில் அந்தக் குடும்பத்தினரும் உட்கார்கிறார்கள். 2023இல் ஒரு பெரிய நிறுவனத்தோடு இருந்த வழக்கும் சமரசத்தில் முடிந்தது.


#14 மூன்றாம்_வருடம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எஸ்.டி.ஆர். முடிவு வந்துவிட்டது. ஹீலாதான். பார்த்த எல்லா இடங்களிலும் ஒத்துப்போகிறது. முடிவு எனக்கு முன்பே தெரியும், இருந்தாலும் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகூட வந்து ஊடகம் மாற்றியது யாருக்காக என்று இப்போதுதான் தெரிகிறது.

வழிகாட்டியிடம் இந்த இழையை அச்செடுத்துக் கொடுத்தேன். முதலில் முகம் சுருங்கியது. எட்டாவது பதிவை இரண்டு முறை படித்தார். வேறு இதழுக்கு அனுப்பவில்லை. மாற்றிய வேலைத்திட்டத்தை ஆய்வுக் குழுவுக்கு எழுதியிருக்கிறோம். சிஹா வந்து சேர்ந்துவிட்டது, சி33ஏ அடுத்த வாரம். உறைய வைத்திருந்த ஆர்.என்.ஏ.யில் இ6 பார்த்தேன், ஒரு தடவைதான். குறைந்திருக்கிறது. இன்னும் இரண்டு தடவை பார்க்காமல் எதுவும் சொல்லமாட்டேன்.

நைட்ரஜன் டாங்கில் இருந்த எல்லா வயலையும் எடுத்து மூடியில் புது லேபிள் ஒட்டிவிட்டேன். "ஹீலா", அதன் கீழே பாசேஜ் எண், தேதி, சரிபார்த்த தேதி. தோழியின் லேபுக்கும் போய்ச் சொன்னேன். அவர்களிடம் இன்னும் நான்கு பேர் அதே வயலிலிருந்து வாங்கியிருக்கிறார்கள்.


#15 புது_ஜே.ஆர்.எஃப்.

அக்கா, இழை முழுக்கப் படித்தேன். எங்கள் லேபில் சாதாரணக் கல்லீரல் செல் என்று சாங் லிவரும், குடல் செல் என்று இன்டெஸ்டைன்-407உம் வைத்திருக்கிறோம். புற்றுநோய்ச் செல்லை மட்டும் கொல்கிறது, நல்ல செல்லை ஒன்றும் செய்வதில்லை என்று காட்டத்தான் சாங் லிவரை எடுப்போம். அவை பரவாயில்லையா?


#16 பழைய_பாசேஜ்

தம்பி, இரண்டுமே ஹீலா. செல் வரிசைகளின் அடையாளத்தைக் கவனிக்கும் சர்வதேசக் குழுவான ஐ.சி.எல்.ஏ.சி.யின் பட்டியலில் இப்படி ஆள் மாறியவை 500க்கு மேல் இருக்கின்றன, தேடிப் பார். செல் வரிசைகளின் விவரம் தரும் செல்லோசாரஸ் தளத்திலும் இப்படிப்பட்ட ஒவ்வொரு வரிசையின் பக்கத்திலும் எச்சரிக்கை போட்டிருப்பார்கள். புற்றுநோய்ச் செல்லுக்கு எதிரே நல்ல செல் என்று நீங்கள் வைத்தது இன்னொரு புற்றுநோய்ச் செல்.

திங்கட்கிழமை சீனியர்களிடம் பேசு. அதுவரை அந்த இரண்டு குடுவைகளையும் மற்றவற்றோடு ஒரே ஷெல்ஃபில் வைக்காதே, ஊடகப் பாட்டிலையும் தனியாகப் பிரித்து வை. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது, எந்த பாசேஜ் என்பது தெரிந்த வரைக்கும் எழுதி இங்கேயே போடு. பார்த்துச் சொல்கிறேன்.